காரணம் தெரியும்வரை காத்திருக்க முடியாது: குழந்தைகளின் கோமாவை மருத்துவம் அணுகும் விதம்

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் 1995 தொடங்கிப் பல கோடைகள் ஒரே மாதிரி கழிந்தன. மே மாத நடுவில் ஆரம்பிக்கும், ஜூனில் உச்சத்துக்குப் போகும், மழை இறங்கியதும் நின்றுவிடும். முந்தின நாள் மாலைவரை ஓடியாடிய குழந்தை விடியற்காலையில் வீறிட்டு அழும். வலிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிடும். பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகள், சாப்பாடு போதாமல் மெலிந்தவர்கள். 2014-ல் மே 26 முதல் ஜூலை 17 வரை அந்த ஊரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் மட்டும் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 122 பேர் இறந்துபோனார்கள்.

பதிவேடுகளில் இதற்கு மூளைக்காய்ச்சல் என்று பெயர். அதனால் ஆண்டுக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யில் நெடுங்காலம் வைரஸ் துறையில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜானும் நச்சியல் அறிஞர் முகுல் தாஸும் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். மூளையில் தொற்று இருந்தால் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குக் கூடவில்லை. பலருக்கு வந்து சேரும்போது காய்ச்சலே இல்லை. ஆனால் ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. நோய் வரும் காலமோ லிச்சிப் பழக் காலம். லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த அக்கீ என்ற பழத்தைப் பழுக்குமுன் தின்றால் ஜமைக்காவில் வாந்தியும் வலிப்பும் வந்து சாவது முன்பே தெரிந்த கதை. அதற்குக் காரணமான ஹைப்போகிளைசின் என்ற பொருளும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு பொருளும் லிச்சியில் இருக்கின்றன.

2014-ல் நடந்த ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் கொடுத்தது. 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. சர்க்கரை பார்க்கப்பட்ட குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அது 70 மில்லிகிராமோ அதற்கும் கீழோ இருந்தது. சிறுநீரில் அந்த நச்சின் எச்சங்கள் கிடைத்தன. லிச்சி தின்றதும், அன்று இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் தூங்கியதும் நோயோடு சேர்ந்து வந்தன.

நடப்பது இதுதான். சாப்பிடாமல் தூங்கும் குழந்தையின் கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை விடிவதற்குள் தீர்ந்துபோகும். மெலிந்த குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் தீரும். அப்போது உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கப் பார்க்கும். அந்தக் கொழுப்பை எரிக்கும் வேலையைத்தான் லிச்சியின் நச்சு தடுக்கிறது. வயிறார இரவுச் சாப்பாடு சாப்பிட்ட குழந்தை லிச்சி தின்றால் இப்படி ஆவதில்லை. பழத்தை மட்டும் குற்றவாளி ஆக்குவது பாதிக் கதை; மீதிப் பாதி பசி. வெயிலும் பூச்சிமருந்தும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கட்சியாக இருந்தாலும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்பதில் சண்டை இல்லை. 2019-ல் பீகாரில் இதே நோய்க்கு மறுபடியும் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பலியானார்கள்.

முசாபர்பூரை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நினைவிழந்த குழந்தையைப் பார்த்ததும் எல்லோர் மனதிலும் எழும் கேள்வி "என்ன நோய்?" என்பது. இயல்பான கேள்விதான். ஆனால் முதல் சில நிமிடங்களில் அது இரண்டாவது கேள்வி. மூச்சு வருகிறதா, ரத்தம் ஓடுகிறதா, சர்க்கரை இருக்கிறதா, வலிப்பு நின்றதா என்பவைதான் முதலில் வருகின்றன. காரணம் தெரியாமலே இந்த நான்கையும் சரிசெய்ய முடியும். இவற்றைச் சரிசெய்யாமல் காரணத்தைத் தேடிப்போனால், காரணம் கிடைக்கும்போது காப்பாற்ற மூளை இருக்காது.

நினைவு எங்கே இருக்கிறது

கோமா தூக்கம் இல்லை. தூங்குகிற குழந்தையை உலுக்கினால் எழுந்துகொள்ளும். கோமாவில் கண் திறக்காது. வலித்தால்கூட, வலிக்கும் இடத்தை அறிந்து கையைத் தட்டிவிடாது. விழிப்பைத் தாங்கிப் பிடிப்பது மூளைத்தண்டிலிருந்து மேலே போகும் ஒரு நரம்பு வலை. மொரூஸி, மகூன் என்ற இரு ஆய்வாளர்கள் 1949-ல் அதை அடையாளம் காட்டினார்கள். ஒன்று அந்த வலை அடிபட வேண்டும், அல்லது மூளையின் இரண்டு அரைக்கோளங்களும் ஒரே நேரத்தில் செயலிழக்க வேண்டும். அப்போதுதான் கோமா வரும். ஒரு பக்கத்தில் மட்டும் சின்னக் கட்டியோ ரத்தக்கசிவோ இருந்தால் கை கால் வாதம் வரலாம். நினைவு முழுதாகப் போவது அரிது. போய்விட்டது என்றால் வீக்கம் மறுபக்கத்தையோ மூளைத்தண்டையோ அழுத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதை வைத்து மருத்துவர்கள் காரணங்களை இரண்டாகப் பிரிப்பார்கள். மூளையின் கட்டமைப்பிலேயே கோளாறு: அடி, ரத்தக்கசிவு, கட்டி, நீர் தேக்கம். அல்லது மூளைக்குள் போகும் ரத்தத்தில் கோளாறு: சர்க்கரைக் குறைவு, உப்புக் குறைவு, கல்லீரல் செயலிழப்பு, விஷம். தொற்று இரண்டு பக்கமும் கால் வைக்கும். விபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்தியாவில் குழந்தைகளின் கோமாவுக்குப் பெரிய காரணம் தொற்றுதான்.

ஆழத்தை அளப்பது

"குழந்தை ரொம்ப மோசம்" என்று ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் சொன்னால் எதுவும் புரியாது. எவ்வளவு மோசம், ஒரு மணி நேரத்துக்கு முன்பு இருந்ததைவிட மோசமா என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரு நரம்பு அறுவை மருத்துவர்கள் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு விழிப்பு என்றால் 15. எந்த அசைவும் இல்லை என்றாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு, ஆகவே 3. எட்டோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் குழந்தை தன் மூச்சுவழியைத் தானே காத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கத் தயாராக வேண்டும்.

இந்த அளவுகோல் பெரியவர்களுக்கானது. பேசவே தெரியாத எட்டு மாதக் குழந்தைக்குப் பேச்சு மதிப்பெண் எப்படிப் போடுவது? அதனால் கைக்குழந்தைகளுக்கு அதை மாற்றி அமைத்தார்கள்: மழலை பேசுகிறதா, எரிச்சலாக அழுகிறதா, வலித்தால் மட்டும் அழுகிறதா, முனகுகிறதா. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பிளான்டையர் நகர மருத்துவமனையில் மூளை மலேரியாவோடு வரும் குழந்தைகளுக்காக டெர்ரி டெய்லரும் மால்கம் மாலினூவும் இன்னும் எளிய அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். அதில் மொத்தமே 5 மதிப்பெண்தான். இரண்டும் அதற்குக் கீழும் கோமா.

இதெல்லாம் நினைவில் நிற்காத இடத்தில், ஆம்புலன்ஸிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், நான்கே படி போதும். விழித்திருக்கிறது, கூப்பிட்டால் பார்க்கிறது, வலித்தால் மட்டும் அசைகிறது, எதற்கும் அசையவில்லை. மூன்றாவது படியில் இருக்கும் குழந்தை ஏறக்குறைய கிளாஸ்கோ எட்டுக்குச் சமம். எந்த அளவுகோலானாலும் ஒருமுறை பார்த்து எழுதிவைப்பதில் பெரிய பயன் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் குழந்தை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

முதல் ஒரு மணி நேரம்

நினைவில்லாத குழந்தையின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போகும். ஆகவே முதல் வேலை மூச்சுவழி. கைக்குழந்தைகளுக்குத் தலையின் பின்பக்கம் பெரியது. தட்டையாகப் படுக்கவைத்தால் கழுத்து முன்னால் மடங்கிவிடும். தோளுக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தால் வழி திறக்கும். விழுந்து அடிபட்ட குழந்தை என்றால் கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். அப்புறம் ஆக்ஸிஜன்.

அடுத்தது ரத்த ஓட்டம். கை கால் ஜில்லென்று, நாடி மெல்லியதாக இருந்தால் நரம்பில் உப்பு நீர் ஏற்றுவது வழக்கம். எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்பதில் எச்சரிக்கை தேவை. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக, நினைவு மங்கியோ மூச்சுத் திணறியோ வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது; 2011-ல் முடிவுகள் வந்தன. வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். நல்லது என்று யாரும் சந்தேகப்படாத ஒரு சிகிச்சை உயிரைக் குடித்திருக்கிறது. தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடங்களில் நடந்த ஆய்வு அது, எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் பாட்டில் பாட்டிலாகத் திறந்துவிடும் பழக்கத்தை அது உலுக்கிவிட்டது. இப்போது கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, குழந்தையை மறுபடி சோதித்து, பிறகு முடிவெடுக்கிறார்கள்.

சர்க்கரை. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குளுக்கோமீட்டர் பல வீடுகளிலேயே இருக்கிற காலம் இது. நினைவில்லாத எந்தக் குழந்தைக்கும், காரணம் வெளிப்படையாகத் தெரிகிற குழந்தைக்கும்கூட, சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். 54 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் தாமதம் கூடாது. கருவியே இல்லை என்றால், குறைவாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் அளவு, 10 சதவீத குளுக்கோஸ் கிலோவுக்கு 5 மில்லி, நரம்பு வழியாக. நரம்பு கிடைக்கவில்லை என்றால், ஒரு தேக்கரண்டி சர்க்கரையை ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீரில் நனைத்து நாக்குக்கடியில் வைக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி வைக்க வேண்டும். ரோட்டில்லாத ஊர்களுக்காக எழுதப்பட்ட இந்தக் குறிப்பு பல உயிர்களைக் காக்கக்கூடியது. ஆனால் வாயில் தண்ணீரோ சோடாவோ பாலோ ஊற்றுவது முற்றிலும் வேறு காரியம். நினைவில்லாத குழந்தையின் வாயில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

நான்காவது, வலிப்பு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. மிடசோலம் என்ற மருந்தை மூக்கில் ஸ்ப்ரேயாகவோ கன்னத்தின் உட்புறத்திலோ கொடுக்கலாம், ஊசி தேவையில்லை. நம் ஊர்களில் வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பதும் இன்னும் போகவில்லை. சாவியால் ஒன்றும் ஆகாது, நேரம்தான் போகும். கரண்டி பல்லை உடைத்து மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய சரியான வேலை.

கை கால் வெட்டுவது நின்றுவிட்டது என்பதால் வலிப்பு நின்றதாகவும் முடிவு கட்ட முடியாது. சில குழந்தைகளுக்கு இமையோரம் அல்லது ஒரு விரல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும்; சிலருக்கு அதுவும் இருக்காது. மூளைக்குள் மின்புயல் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும். வலிப்புக்குப் பிறகு எதிர்பார்த்த நேரத்துக்குள் விழிக்காத குழந்தைக்கு இந்தச் சந்தேகம் வந்தாக வேண்டும்.

வீட்டிலிருந்து கிடைக்கும் துப்பு

குழந்தை நிலையாகிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஸ்கேன் சொல்லாததை ஒரு பாட்டி சொல்லிவிடுவார். திடீரென்று ஆரம்பித்ததா, மெதுவாக மங்கியதா? காய்ச்சல் எத்தனை நாள்? மாடிப்படியில் விழுந்ததா? தலையில் அடிபட்டு எழுந்து நன்றாகப் பேசிய குழந்தை சில மணி நேரம் கழித்து மயங்குவது, மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் சேர்வதற்கான அடையாளம். சரியான நேரத்தில் திறந்து எடுத்தால் முழுதாகப் பிழைக்கும். "விழுந்தான், ஆனா அழுதுட்டு விளையாடப் போயிட்டான்" என்ற வாக்கியத்தை அதனால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விஷம் என்றதும் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வரும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் வழிந்தால் அதுவேதான். ஆனால் தமிழ் வீடுகளில் பூஜை அலமாரியிலும் மருந்துப் பெட்டியிலும் இருப்பவற்றையும் கேட்க வேண்டும். சூடத்தைக் கல்கண்டு என்று நினைத்துத் தின்ற குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளிக்குப் போடும் கற்பூரத் தைலத்திலும் அதே ஆபத்து உண்டு. சின்னக் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது பழைய கைவைத்தியம். அது வாந்தி, வலிப்பு, கோமா, கல்லீரல் பாதிப்பு என்று ஒரு தொடராக முடிந்ததை 1981-லேயே மலேசியாவிலிருந்து லான்செட் இதழில் எழுதினார்கள். வெறும் வயிற்றில் ஊற்றும் அந்தக் கரண்டி எண்ணெயை நிறுத்தச் சொல்லித் தலைமுறைகளாக மருத்துவர்கள் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்றுகூடப் பேரனின் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்துகொள்ளும், சில மணி நேரத்தில் மறுபடி மயங்கும். அதனால் அந்தக் குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தரையில் படுத்துத் தூங்கிய குழந்தை, வயிற்றுவலி என்று எழுந்து, கண் இமை தொங்கி, பேச்சும் மூச்சும் அடங்கிப்போனால் கட்டுவிரியனைச் சந்தேகிக்க வேண்டும். அதன் கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். இந்தக் குழந்தை கோமாவில் இருப்பதுபோலத் தோன்றும். கண்மணிகூட ஒளிக்குச் சுருங்காது. ஆனால் மூளை விழித்திருக்கிறது, தசைகள்தான் செயலற்றுவிட்டன. சுற்றி நிற்பவர்கள் பேசுவது அதற்குக் கேட்கலாம். செயற்கை மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் எழுந்து நடக்கும். மூளைச்சாவு என்று கைவிடுவது எவ்வளவு பெரிய கொடுமையாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி சங்கடமானது, ஆனாலும் கேட்க வேண்டும். சொந்தத்தில் திருமணமா? முன்பு ஒரு குழந்தை இதேபோல இறந்ததா? காய்ச்சல் வரும்போதெல்லாம், சாப்பிடாமல் இருக்கும்போதெல்லாம் மயங்கும் குழந்தைக்குப் பிறவி வளர்சிதைக் கோளாறு, அதாவது உணவை உடம்பு மாற்றிப் பயன்படுத்துவதில் பிறவியிலேயே உள்ள குறை, இருக்கலாம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இதன் வாய்ப்பு கூடுதல். ரத்தத்தில் அம்மோனியா பார்த்தால் துப்பு கிடைக்கும். குளுக்கோஸ் ஏற்றுமுன் கொஞ்சம் ரத்தமும், முதலில் வரும் சிறுநீரும் எடுத்துவைத்தால் நோயை அடையாளம் காண உதவும். அதற்காகக் குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரை நோய் குழந்தைக்கும் வரும் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. அடிக்கடி தாகம், மெலிவு, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி ஆரம்பிப்பது, பிறகு ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு. இதை நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை மயங்கிவிடுகிறது. விரல் நுனியில் எடுத்த அதே ஒரு சொட்டு ரத்தம் இதையும் காட்டிக்கொடுக்கும்.

கண்மணியும் அழுத்தமும்

மண்டை ஓடு மூடி திறக்காத பாத்திரம் மாதிரி. உள்ளே மூளை வீங்கினால் விரிய இடம் இல்லை; அடியில் இருக்கும் ஒரே ஓட்டையை நோக்கி மூளை கீழே பிதுங்கும். அதற்கு முன்னால் உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். ஒரு பக்கக் கண்மணி விரிந்து ஒளிக்கு அசையாமல் நிற்கும். கைகள் மடங்கி அல்லது விறைத்து நீளும். நாடி குறையும், ரத்த அழுத்தம் ஏறும், மூச்சு ஒழுங்கு தவறும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நிமிடங்கள்தான் மிச்சம். சாதாரணமாகக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் நாடி ஏறும், இங்கே இறங்குகிறது. நாடி குறைந்துவிட்டது, குழந்தை அமைதியாகிவிட்டது என்று மானிட்டரைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் மிக ஆபத்தான தவறு.

தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைப்பதுகூட அழுத்தத்தைக் குறைக்கும். பிறகு மானிடால் என்ற மருந்து அல்லது 3 சதவீத உப்புநீர் மூளையிலிருந்து நீரை இழுக்கும். ஆக்ஸிஜன் குறையாமல், ரத்த அழுத்தம் தாழாமல், சோடியம் இறங்காமல், காய்ச்சல் ஏறாமல் பார்த்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தால் மண்டைக்குள் அழுத்தம் இல்லை என்று பொருளல்ல. ஆனாலும் விபத்து, ஒரு பக்க வாதம், காரணம் தெரியாத கோமா ஆகியவற்றில் ஸ்கேன் அவசியம், குழந்தை நிலையான பிறகு. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதைப் பற்றிப் பெற்றோரிடம் பெரிய பயம் உண்டு. கால் விளங்காமல் போகும் என்பார்கள். அப்படி ஆவதில்லை, ஊசி போகும் இடம் தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே. ஆனால் கோமா ஆழமாக இருக்கும்போது, அழுத்த அறிகுறிகள் இருக்கும்போது மருத்துவர்களே அதைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைக்கக் கூடாதது மருந்து. காய்ச்சலோடு கோமா என்றால் செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் உடனே போக வேண்டும், ஹெர்பஸ் வைரஸுக்கான அசைக்ளோவிரும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். பரிசோதனை முடிவு வந்தபின் நிறுத்திக்கொள்ளலாம். இந்த மருந்துகள் தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கையே குறைய ஒரு வழி தடுப்பூசி. மூளை உறை அழற்சியை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான ஐந்து-நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும்தான் இந்தியாவில் முதலில் தொடங்கின.

தவறான பெயரின் விலை

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூர்ப் பகுதியில். பின்னாளில் அதன் பேரழிவு உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பக்கம் போனது. 2005-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2006-ல் தடுப்பூசி வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது. ஆனால் காய்ச்சலோடு கோமாவில் வரும் குழந்தைகள் நிற்கவில்லை. மழைக்காலம் வந்தால் வார்டு நிறைந்தது, ஒரே படுக்கையில் இரண்டு மூன்று குழந்தைகள்.

2010-களின் நடுவில், சென்னையிலுள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைத் துருவிப் பார்த்தபோது பெரும்பங்குக் குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைபஸின் தடயம் கிடைத்தது. புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் காய்ச்சல் அது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ காதுக்குப் பின்னாலோ கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கு இருக்கலாம். ஆடையைக் களைந்து தேடினால்தான் தெரியும். இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், விலையும் கொஞ்சம்தான். காய்ச்சல் வந்த சில நாட்களுக்குள் கொடுத்தால் மூளைவரை போகவே விடாது. வைரஸ் என்று பெயர் வைத்துவிட்டதால் இந்தச் சாதாரண மருந்து எத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்காமல் போயிருக்கும் என்பது நெஞ்சை அறுக்கிறது.

மலாவியிலும் இதுபோல ஒன்று நடந்தது. மூளை மலேரியா என்று உறுதியாகக் கருதப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடலைப் பரிசோதித்தபோது 7 பேரின் சாவுக்குக் காரணம் வேறாக இருந்தது. 2004-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் மலேரியா கிருமி இருந்தது உண்மை, ஆனால் அந்தப் பகுதியில் ஆரோக்கியமான குழந்தைகளின் ரத்தத்திலும் அது இருக்கும். உயிரோடிருக்கும்போதே வித்தியாசம் கண்டுபிடிக்க வழி, கண்ணுக்குள் கருவியால் பார்ப்பது. உண்மையான மூளை மலேரியாவில் விழித்திரையில் தனி அடையாளங்கள் இருக்கும். அதே குழு 2015-ல் இன்னொன்றைக் காட்டியது. எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்ட குழந்தைகளில் இறந்த 25 பேரில் 21 பேருக்கு, சேர்ந்தபோதே மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களில் பலருக்கு அந்த வீக்கம் ஓரிரு நாளில் வடிந்தது. அந்த ஓரிரு நாள் மூச்சைத் தாங்கிப் பிடித்தால் இன்னும் பலர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து பிறந்தது.

பிழைத்த பிறகு

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: முன்னே இருந்த மாதிரி ஆகிவிடுமா? காரணத்தைப் பொறுத்துப் பதில் மாறும். விஷம், மருந்து, வலிப்புக்குப் பிந்தைய மயக்கம் ஆகியவற்றில் பெரும்பாலும் முழுதாக மீளும். நீரில் மூழ்கியதாலோ இதயம் நின்றதாலோ வரும் கோமாவில் நம்பிக்கை குறைவு. சர்க்கரைக் குறைவில் எவ்வளவு நேரம் குறைந்திருந்தது என்பதே தீர்மானிக்கும். முதல் நாளிலேயே "இனி ஒன்றுமில்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். மயக்க மருந்துகளும் குளிர்ந்த உடம்பும்கூட மூளைச்சாவு போல ஏமாற்றும்.

கண் விழித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடியவில்லை. மூளை உறை அழற்சியிலிருந்து மீண்ட குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம். பேசாதது பிடிவாதம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வீடு திரும்பிய சில வாரங்களுக்குள் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். பள்ளியில் கவனம் சிதறுவது, கோபம், எழுத்து தடுமாறுவது எல்லாம் மாதங்கள் கழித்து வெளிப்படும். புதிதாக வலிப்பும் வரலாம். கை கால் இறுகாமல் இருக்க ஐ.சி.யு.வில் இருக்கும்போதே பிசியோதெரபி தொடங்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன. டிஸ்சார்ஜ் அட்டையில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே அந்த மையத்தின் பெயரையும் முதல் வருகைக்கான தேதியையும் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.